உலகக் கோப்பையை வென்ற நாளே நினைவில் இல்லை... ரக்பியை உலுக்கும் தலைக்காயச் சர்ச்சை!

2003 நவம்பர் 22, சிட்னி. ரக்பி உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் ஆஸ்திரேலியாவை 20-17 என வீழ்த்தி இங்கிலாந்து சாம்பியன் ஆனது. அன்று களத்தில் ஆடிய ஸ்டீவ் தாம்சனுக்கு அந்தப் போட்டியே நினைவில் இல்லை. 2020-ல், வெறும் 42 வயதில், தனக்கு டிமென்ஷியா எனும் மறதி நோய் இருப்பதாக அவர் அறிவித்தார்.

வேல்ஸ் அணியின் அலிக்ஸ் போபம் உட்பட நூற்றுக்கணக்கான முன்னாள் வீரர்கள், உலக ரக்பி அமைப்பு மீதும் இங்கிலாந்து, வேல்ஸ் வாரியங்கள் மீதும் சட்டப் போராட்டத்தில் இறங்கியிருக்கிறார்கள். ஆபத்து தெரிந்தும் எங்களைப் பாதுகாக்கவில்லை என்பதுதான் அவர்கள் புகார்.

ஹெல்மெட் போட்டால் சரியாகிவிடாதா?

ஆகாது. மூளை, மண்டையோட்டுக்குள் திரவத்தில் மிதக்கிறது. வேகமாக ஓடுபவர் மோதி சட்டென நின்றால் மூளை உள்ளேயே குலுங்கும். ரக்பி வீரர்கள் அணியும் மெத்தென்ற தொப்பி வெட்டுக்காயத்தைத் தடுக்கும், குலுங்கலைத் தடுக்காது. கனமான ஹெல்மெட் போட்டு ஆடும் அமெரிக்கக் கால்பந்திலும் இதே பிரச்னைதான்.

மயங்கி விழுந்தால் எல்லோருக்கும் தெரியும். ஆனால் வெளியே தெரியாத சின்னச் சின்ன அடிகள், அதுவும் பயிற்சியில் ஆண்டுக்கணக்கில் வாங்கியவை சேர்ந்துதான் மூளையைச் சிதைக்கின்றன என்கிறார்கள் ஆய்வாளர்கள். அப்படி வரும் சி.டி.இ. என்ற நோயை இறந்த பிறகு மூளையைப் பரிசோதித்துத்தான் உறுதி செய்ய முடியும். கோர்ட்டில் இதை நிரூபிப்பது எவ்வளவு கஷ்டம்னு யோசிச்சுப் பாருங்க!

விதிகள் மாறவில்லையா?

மாறின. சந்தேகம் வந்தால் வீரரை வெளியே அழைத்து 12 நிமிடம் பரிசோதிக்கிறார்கள். 2024 முதல் சென்சார் பொருத்திய பல் கவசமும் வந்துவிட்டது. தலை பலமாக அதிர்ந்தால் அது டாக்டருக்குத் தகவல் அனுப்பும். "எனக்கு ஒண்ணுமில்ல, ஆடுறேன்" என்று வீரர் சமாளிக்க முடியாது. ஆனால் இதெல்லாம் அடி விழுந்த பிறகுதான்.

அடியே விழாமல் தடுக்க 'டேக்கிள்' மாற வேண்டும். பந்தோடு ஓடுபவரை மடக்கிப் பிடிப்பதுதான் டேக்கிள். தலைக்காயங்களில் பெரும்பகுதி அதில்தான் ஏற்படுகிறது, அதுவும் பெரும்பாலும் பிடிக்கப் போனவருக்கே. நிமிர்ந்து நின்று பிடித்தால் தலையும் தலையும் மோதும். அதனால் 2023 ஜனவரியில் இங்கிலாந்து வாரியம், உள்ளூர் போட்டிகளில் இடுப்புக்குக் கீழேதான் பிடிக்கணும் என்றது. வீரர்களும் கிளப்களும் கொதித்தெழ, வாரியம் மன்னிப்பு கேட்டு, மார்பெலும்புக்குக் கீழே என மாற்றியது. குனிந்தால் எதிராளியின் முழங்கால் தலையில் இடிக்காதா என்ற எதிர்ப்பாளர்களின் கேள்வியையும் ஒதுக்கிவிட முடியாது.

உள்ளூர் மைதானங்களில் சென்சார் கிடையாது, பல இடங்களில் டாக்டரும் கிடையாது. அங்கே பயிற்சியாளரோ பெற்றோரோதான் கவனிக்க வேண்டும். அவர்களுக்காக 2023-ல் பிரிட்டன் அரசு வெளியிட்ட வழிகாட்டுதல் இதுதான்: சந்தேகம் வந்தாலே வெளியே உட்கார வையுங்கள், குறைந்தது 21 நாட்களுக்குப் போட்டியில் இறக்காதீர்கள்.