மரியாதை வேகத்தைக் குறைக்காது

"அலுவலகத்தில் பார்த்துப் பார்த்துப் பேசச் சொல்வது பாசாங்கு, பெங்களூருவின் மென்பொருள் நிறுவனங்களுக்குத் தேவை வேகம், நாசூக்கு அல்ல" என்கிறார்கள். வேகம்தான் அளவுகோல் என்றால் அதை வைத்தே பார்ப்போம். சக ஊழியரின் நிரலுக்குக் கீழே "இதுகூடத் தெரியாதா?" என்று எழுதினால் அவருக்குக் கிடைப்பது அவமானம் மட்டுமே. "பயனர் பெயர் காலியாக வந்தால் இந்த வரியில் நிரல் நின்றுவிடும்" என்றால் பிழையும் அதன் இடமும் கைக்கு வந்துவிடுகின்றன. இரண்டில் எது வேகம்? கன்னடரும் தமிழரும் மலையாளியும் ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதிக்கொள்ளும் ஊரில், குரலில் இருந்த சிரிப்பு எழுத்தில் வராது. சுடுசொல் மட்டும் போய்ச் சேரும். முரட்டுப் பேச்சுக்குப் பேர்போன, லினக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே 2018 செப்டம்பரில் அதற்காக மன்னிப்புக் கேட்டார். லினக்ஸ் நின்றுவிடவில்லை.

"தொழிலின் பெயரை மாற்றினால் பிழைப்பு மாறுமா?" என்பது அடுத்த கேள்வி. தானாக மாறாதுதான். நகரின் துப்புரவுப் பணியாளர்களுக்குப் 'பௌரகார்மிகர்' என்ற கண்ணியமான பெயர் எப்போதோ வந்துவிட்டது. ஆனாலும் பணி நிரந்தரத்துக்கு 2022 ஜூலையில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்யவேண்டியிருந்தது. இது சொல்லின் எல்லையைக் காட்டுகிறதே தவிர, இழிசொல்லுக்கு நியாயம் ஆகாது. கூலியும் கேட்கலாம், மரியாதையும் கேட்கலாம். ஒன்றைக் காட்டி மற்றதை மறுப்பவர் இரண்டையும் தர விரும்பாதவர். மேலதிகாரிக்கு எழுதும்போது, நாசூக்கு வேண்டாம் என்பவர்களே ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்க்கிறார்கள். நாசூக்கு அவர்களுக்குத் தெரியாததல்ல. கீழே இருப்பவருக்கு அதைச் செலவழிக்க மனமில்லை, அவ்வளவுதான்.