ஒழுங்கையும் குயிலும்

சித்திரை பிறந்துவிட்டால் யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் குயிலோசை ஓய்வதில்லை. ஆயினும், இசைபடக் கூவுவது கரிய ஆண்குயில் என்பதையும், உடலெங்கும் புள்ளிகொண்ட பெண்குயில் காகத்தின் கூட்டில் முட்டையிடும் என்பதையும் நம் மாணவருட் பலர் ஏட்டிற் படித்தாரேயன்றிக் கண்டறியார்.

கிளுவையும் பூவரசும் தழைத்த கதியால் வேலி, புலுனிக்கும் செண்பகத்துக்கும் புகலிடம். அதனை வெட்டி மதில் எழுப்புகின்றோம். மதில் காவல் தரும், நிழல் தருமா? கூடு தாங்குமா? வேலியின் பயன் வீட்டாருக்கும் வழிநடப்போருக்கும் பறவைக்கும் பொது என்பதே என் கருத்து. மதில் கட்டுவோர் அதன் ஓரத்தே ஒரு நிரை கதியாலையேனும் விட்டுவைப்பாராக.

ஆசிரியப் பெருமக்களே, வைகாசி கழியுமுன் ஒரு காலைப்பொழுதேனும் மாணவரை ஒழுங்கை வழியே அழைத்துச் செல்லுங்கள். குயிலைக் கண்ணாற் கண்ட பிள்ளை, நாளை வேலியில் கத்தி வைக்குமுன் சற்றே தயங்கும்.