கேட்க ஆள் இல்லையென்றால்

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். கையெழுத்துக்கு மேலே "லு ஏ அப்ரூவே", அதாவது "படித்தேன், ஒப்புக்கொண்டேன்" என்று சொந்தக் கையால் எழுதுவது பிரெஞ்சுக்காரர்களின் பழைய வழக்கம். ஒப்புதல் என்றால் எதிரே ஓர் ஆள் இருக்கவேண்டும்.

ஓய்வுக்குப் பிறகு லினக்ஸ் பழகினேன். அப்பாவின் கடிதங்களை ஸ்கேன் செய்து, படிக்க மட்டும் அனுமதி என்று வைத்திருந்தேன். அத்தகைய கோப்பை டெர்மினலில் ஆர்எம் கட்டளையால் அழிக்கப் போனால், "பாதுகாக்கப்பட்டது, நீக்கவா?" என்று கேட்கும். அதை நம்பி, பெயரில் "நகல்" என்றிருந்த மிகைக் கோப்புகளைப் பட்டியலெடுத்து, பைப் வழியே எக்ஸ்ஆர்க்ஸுக்கும் அதிலிருந்து ஆர்எம்முக்கும் அனுப்பினேன். ஒரு கேள்வியும் வரவில்லை. அப்பா எழுதிய ஏழு மனுக்களின் நகல்களும் அதே சொல்லைத் தாங்கியிருந்தன. அவையும் போயின. காகிதங்களைக் கரையான் முன்பே தின்றுவிட்டது.

பேரன் விளக்கினான். "தாத்தா, தனக்கு உள்ளீடு டெர்மினலிலிருந்து வருகிறதா என்று ஆர்எம் பார்க்கும். வந்தால் கேட்கும். இல்லையென்றால் கேட்காமல் அழித்துவிடும்." போசிக்ஸ் தரநிலையே அப்படித்தானாம்.

ஆள் இருக்கிறாரா என்று பார்ப்பது நல்ல பழக்கம்தான். எல்எஸ் கட்டளையும் பார்க்கிறது: திரையில் பத்தி பத்தியாகக் காட்டும், பைப்பில் வரிக்கு ஒரு பெயராகத் தரும். அதில் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் ஆள் இல்லை என்பதைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது தவறு. அதிகாரி நாற்காலியில் இல்லையென்றால் குமாஸ்தா கோப்பை மேசையில் வைத்துவிட்டு வருவான், கிழித்துப் போடமாட்டான். கடவுச்சொல் கேட்க டெர்மினல் இல்லையென்றால் சூடோ வேலையை நிறுத்திவிடுகிறதே!

நள்ளிரவில் தானாக ஓடும் வேலைகள் நின்றுபோகும் என்பார்கள். கேட்காமல் அழிக்க விரும்புகிறவருக்கு "-எஃப்" என்ற விருப்பம் ஏற்கெனவே இருக்கிறது. அவர் அதை எழுதட்டும். அதுவே அவருடைய "லு ஏ அப்ரூவே".

என்னைப் போன்றவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒரு கோப்பை அழிக்கலாமா என்பதைத் தீர்மானிப்பது அது இருக்கும் கோப்புறையின் எழுத்து அனுமதி. பூட்டுவதானால் கோப்புறையைப் பூட்டுங்கள். இன்னொரு பிரதியை வேறிடத்தில் வையுங்கள். நான் இரண்டையும் செய்யவில்லை.