பத்து ரூபாய்க் காசு செல்லும்!



பத்து ரூபாய்க் காசை நீட்டினால் "இது செல்லாது பாப்பா, நோட்டு இருந்தா குடு" என்று சொல்கிறவர்கள் நம்ம பக்கம் இன்னும் இருக்கிறார்கள். முன்னைக்கு இப்போ பரவாயில்லை. ஆனாலும் கடையில் ஒருத்தர், பஸ்ஸில் ஒருத்தர், சந்தையில் ஒருத்தர் என்று இருக்கத்தான் செய்கிறார்கள். ஏன் செல்லாது என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். "ரூபாய்க் குறி இல்ல", "கோடு அதிகமா இருக்கு", "அந்தக் காசுல நட்சத்திரம் இருக்கு, இதுல இல்ல, அப்போ ஒண்ணு டூப்ளிகேட்டு". காசைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் சொல்கிறவர்களும் உண்டு. இது தப்பு என்பது என் கருத்து. ஒரு காசு எங்கே பிறந்தது என்று காசிலேயே எழுதியிருக்கிறது. அதைப் படிக்காமல் கள்ளக்காசு என்று பட்டம் கட்டக் கூடாது.

உங்கள் பையில் இருக்கும் காசை இப்பவே எடுங்கள். வருஷம் போட்டிருக்கும் இடத்துக்குக் கீழே பாருங்கள். சின்ன வைரம் மாதிரி, அதாவது சாய்ந்த சதுரம் இருந்தால் மும்பை. ஐந்து முனை நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத். வட்டப் புள்ளி இருந்தால் டெல்லிக்குப் பக்கத்தில் இருக்கும் நொய்டா. ஒன்றுமே இல்லை என்றால் கொல்கத்தா. இந்த நாலு ஊரில்தான் இந்திய அரசின் நாணயச்சாலைகள் இருக்கின்றன. ஆக, குறி வேறே வேறேயாக இருப்பது சந்தேகப்பட வேண்டிய விஷயமே இல்லை. குறி இல்லாவிட்டாலும் சந்தேகம் வேண்டாம், கொல்கத்தா அப்படித்தான். ஒரே காசை நாலு ஊரில் அடித்தால், எடை குறைந்தாலோ அச்சு சரியில்லாமல் போனாலோ எந்த ஊர் வேலை என்று தெரிய வேண்டாமா? அதற்குத்தான் அந்தக் காலத்திலிருந்தே இப்படி அடையாளம் வைக்கிறார்கள்.

சொல்லும்போது சுலபம், பார்க்கும்போதுதான் கஷ்டம். புதுக் காசில் பளிச்சென்று தெரியும். ஊரெல்லாம் சுற்றி வந்த காசில் வைரத்தின் நாலு முனையும் தேய்ந்து வட்டப் புள்ளி மாதிரியே ஆகிவிடும். மும்பைக் காசை நொய்டா என்று சொல்லிவிடுவோம். இதற்கு நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். காசுக்கு நேர் மேலே வெளிச்சம் விழக் கூடாது. டார்ச் லைட்டைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்து, காசை மெதுவாகச் சுற்ற வேண்டும். முனை கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் நிழல் காட்டிக் கொடுத்துவிடும். அப்படியும் தெரியவில்லை என்றால் "தெரியவில்லை" என்று தனியாக வைத்துவிடுவேன். தோராயமாக ஒரு ஊர் பேரை எழுதுவது எனக்குப் பிடிக்காது. இன்னொன்று, புளி போட்டோ விபூதி போட்டோ தேய்க்காதீர்கள். காசு பளபளக்கும், ஆனால் அந்தக் குறிதான் முதலில் போகும்.

எல்லாக் காசும் இந்தியாவில் பிறந்ததும் இல்லை. 1985இல் 25 காசு கனடாவிலும், 50 காசு தென்கொரியாவிலும் அடித்து வந்திருக்கிறது. 1990களின் கடைசியிலும் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்க் காசுகளை வெளிநாட்டில் அடித்தார்கள். 'எம்' எழுத்துக்கு மேலே குட்டி வட்டம் இருந்தால் அந்த ஒரு ரூபாய் மெக்சிகோவில் இருந்து கப்பலில் வந்தது. ஸ்லோவாக்கியா, தென்ஆப்பிரிக்கா, ரஷ்யாக் காசுகளும் உண்டு. ஓசூர் கம்பெனிகளுக்குப் போய் வருகிற அண்ணன்கள், பெங்களூரில் கட்டட வேலைக்குப் போகிறவர்கள் எல்லாம் கொண்டு வரும் சில்லறை நம்ம ஊரில்தான் கலக்கிறது. அதனால் நம்மிடம் எந்த ஊர்க் காசும் கிடைக்கும். (தமிழ்நாட்டில் இப்போது ஒரு நாணயச்சாலையும் இல்லை. சென்னையில் தங்கசாலைத் தெரு என்ற பேர் மட்டும் இருக்கிறது.)

நம்ம மாவட்டத்துக்கு இது புதுசும் இல்லை. 1792 வரைக்கும் இந்தப் பாராமகால் சீமை திப்பு சுல்தானிடம் இருந்தது. திப்புவின் செப்புக் காசில் ஒரு பக்கம் யானை, மறு பக்கம் எந்த ஊரில் அடித்தது என்று பாரசீக எழுத்து இருக்கும்.

இப்போது பத்து ரூபாய்க்கு வருகிறேன். ரூபாய்க் குறியை அறிவித்ததே 2010 ஜூலையில்தான். அதை வரைந்த உதயகுமார் நம்ம தமிழ்நாட்டுக்காரர். காசில் அந்தக் குறி 2011இல் இருந்துதான் வருகிறது. அதற்கு முன்னால் அடித்த காசில் எப்படி இருக்கும்? கோடும் அப்படித்தான். குறி இல்லாத பழைய காசில் 15 கோடு, குறி உள்ளதில் 10 கோடு. ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில், அதுவரை 14 விதமான பத்து ரூபாய்க் காசு வெளியிட்டிருக்கிறோம், எல்லாமே செல்லும் என்று அறிக்கையே கொடுத்துவிட்டது. கள்ளக்காசே கிடையாது என்று நான் சொல்லவில்லை. 2016இல் டெல்லியில் கள்ளக்காசு அடித்தவர்களைப் போலீஸ் பிடித்தது. ஆனால் கள்ளக்காசைக் கண்டுபிடிக்க எழுத்து, விளிம்பு, எடை பார்க்க வேண்டும். கோட்டை எண்ணி ஒதுக்கினால் நல்ல காசுதான் மாட்டும்.

2011ஆம் வருஷத்து நாணயச் சட்டப்படி ஒரு ரூபாயும் அதற்கு மேலே உள்ள காசும் ஒரு தடவைக்கு 1,000 ரூபாய் வரை செல்லும். 50 காசுகூட 10 ரூபாய் வரை செல்லும். நிஜமாகவே செல்லாமல் போனது 25 காசும் அதற்குக் கீழே உள்ளதும்தான், அதுவும் 2011 ஜூன் 30ஆம் தேதியோடு.

இதில் எனக்குக் கோபம் வருவது எதனால் என்றால், காசை மறுக்கிறவருக்கு நஷ்டம் இல்லை. அது யார் கையில் கடைசியாக நிற்கிறதோ அவருக்குத்தான். சந்தையில் கீரைக்கட்டு விற்கிற ஆயா பத்து ரூபாய்க் காசை வாங்கிக்கொள்ளும். திரும்பிப் போக பஸ் ஏறினால் அதே காசை வாங்க மாட்டேன் என்பார்கள். பெரிய கடைக்காரர் மூட்டை கட்டி பேங்கில் போட்டுவிடுவார். ஆயா சுருக்குப்பையில் இருக்கும் நாலு காசுக்காகக் கிருஷ்ணகிரி பேங்குக்குப் போக முடியுமா?

இதற்கு நேர் எதிராக இன்னொரு கூட்டம் இருக்கிறது. வைஷ்ணவி தேவி படம் போட்ட 2012ஆம் வருஷத்து ஐந்து ரூபாய்க்கு லட்சக்கணக்கில் தருகிறோம் என்று போனில் வரும். முதலில் நீங்கள் கமிஷன் கட்ட வேண்டும் என்பார்கள். எங்கள் பேரைச் சொல்லி இப்படி ஏமாற்றுகிறார்கள், நம்பாதீர்கள் என்று 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே எச்சரித்தது. நல்ல காசைச் செல்லாது என்கிறார்கள், அஞ்சு ரூபாயை லட்சம் என்கிறார்கள். இரண்டு பேருமே வருஷத்துக்குக் கீழே பார்த்திருக்க மாட்டார்கள்.

நம் பள்ளியில் இத்தனை பேர் இருக்கிறோம். வீட்டில் கடை வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். அவரவர் கடையில் பத்து ரூபாய்க் காசை வாங்கச் சொல்லி அப்பாவிடமோ மாமாவிடமோ சொல்லுங்கள். கேட்காவிட்டால் இந்தத் தாளைக் காட்டுங்கள், இன்னொரு பிரதி எழுதித் தருகிறேன்.

கடைசியாக ஒரு விஷயம். 1985ஆம் வருஷத்துப் பெரிய ஒரு ரூபாய்க் காசில் 'எச்' என்ற எழுத்து இருந்தால் அது இங்கிலாந்தின் பர்மிங்காமில் அடித்தது. நான் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. யார் வீட்டு உண்டியலிலாவது இருந்தால் மதியம் சாப்பாட்டு மணி அடித்ததும் வேப்பமரத்தடிக்குக் கொண்டு வாருங்கள். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி