கடனை மாற்றி எழுதுவோருக்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும்

நுண்கடனைப் பற்றிப் பேசும்போதெல்லாம் யார் கடன் கொடுக்கலாம், எவ்வளவு வட்டி வாங்கலாம் என்ற கேள்விகளோடு நின்றுவிடுகிறோம். கட்ட முடியாமல் போன கடனை யார், எந்த நிபந்தனையில் மாற்றி எழுதலாம் என்று கேட்பதில்லை. இலங்கையின் பதுளை மாவட்டத்து லுணுகலை, மடுல்சீமைத் தோட்டக் குடும்பங்கள் பலவற்றின் தலைவிதி அந்தக் கேட்கப்படாத கேள்வியில்தான் இருக்கிறது. 20,000 ரூபா பாக்கி நிற்கும் ஒரு பெண்ணுக்கு 40,000 ரூபாவில் புதுக்கடன் எழுதப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய பாக்கி, ஆவணக் கட்டணம், காப்புறுதி எல்லாம் முதலிலேயே கழிக்கப்படும். கையில் வருவது 20,000க்கும் குறைவு. கிழமைத் தவணையோ கூடிவிடும். அதைக் கட்ட வேண்டிய அடிப்படை நாட்சம்பளம் 2024இல் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அதுவும் வேலைக்குப் பேர் பதிந்த நாளுக்கு மட்டும். கம்பனியின் கொப்பியில் பழைய கடன் தீர்ந்துவிட்டது. வீட்டில் அது வளர்ந்திருக்கிறது. குழுக்கடன் என்பதால் பிணை நின்ற பக்கத்து லயத்துப் பெண்களும் சேர்ந்தே மாட்டிக்கொள்கிறார்கள்.

இதைத் தடுக்கச் சட்டமே இல்லையா? இருக்கிறது, ஆனால் லயத்து வாசல்வரை வருவதில்லை. 1918ஆம் ஆண்டின் கடன் வழங்கல் கட்டளைச் சட்டப்படி, கொடுமையான கொடுக்கல் வாங்கலை நீதிமன்றம் மீளத் திறந்து பார்க்கலாம். ஆனால் கிழமைத் தவணைக்கே திண்டாடுகிறவர் வழக்குச் செலவுக்கு எங்கே போவார்? 1941ஆம் ஆண்டின் சட்டத்தால் வந்த கடன் இணக்க சபை, அசையாச் சொத்தை ஈடு வைத்தவர்களுக்கும் நிபந்தனைக் கைமாற்றம் செய்தவர்களுக்கும் உரியது. தலைமுறைகளாகக் காணி உறுதி இல்லாத லயத்தில் வாழ்பவருக்கு ஈடு வைக்கக் காணி ஏது? 2016ஆம் ஆண்டின் நுண்நிதிச் சட்டத்தின் அனுமதிப்பத்திர முறையும் வைப்புப் பணம் திரட்டும் கம்பனிகளையே முக்கியமாகக் குறிவைத்தது. அந்தச் சட்டம் வந்த பிறகும், 2018இல் இங்கு வந்த ஐ.நா. சுயாதீன நிபுணர் ஜுவான் பப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கி, சில நுண்கடன்களின் வட்டி ஆண்டுக்கு 220 சதவீதம் வரை போவதைச் சுட்டிக்காட்டினார்.

இந்த இடைவெளியை நிரப்ப வெளிநாட்டு முன்மாதிரி உண்டு. அமெரிக்காவில் 2008ஆம் ஆண்டு நெருக்கடியின்போது, வீட்டுக் கடனைத் திருத்தித் தருவதாகச் சொல்லி முன்பணம் வாங்கிய கம்பனிகள் ஏராளம். பல மாநிலங்கள் அந்தத் தொழிலுக்கு அனுமதிப்பத்திரத்தைக் கட்டாயமாக்கின. கடன் கொடுத்தவரின் எழுத்துமூலச் சலுகையைக் கடனாளி ஏற்கும்வரை கட்டணம் வாங்கக் கூடாது என்று மத்திய வர்த்தக ஆணையம் 2010இல் விதி வகுத்தது. நமக்கும் இந்த வரிசை பொருந்தும்: முதலில் எழுத்து, பிறகு சம்மதம், கடைசியில்தான் கட்டணம். அந்த எழுத்து தமிழில் இருக்க வேண்டும். பழைய பாக்கி, புது மொத்தம், கழிவுகள், கையில் வரும் தொகை நான்கும் ஒரே தாளில் தெரிய வேண்டும்.

சட்டம் இறுக்கினால் கம்பனிகள் ஓடிவிடும், சனம் மீட்டர் வட்டிக்காரரிடம் போய் விழும் என்பார்கள். இதை லேசாகத் தள்ள முடியாது. 2010இல் ஆந்திராவின் அவசரச் சட்டத்துக்குப் பிறகு அங்கே திருப்பிச் செலுத்துதலும் புதிய நுண்கடனும் ஒருசேரச் சரிந்தன. ஆனால் இங்கே கேட்பது வசூலை முடக்குவதும் அல்ல, கடனைத் தள்ளுபடி செய்வதும் அல்ல. மாற்றி எழுதும் கணக்கை வெளிச்சத்துக்குக் கொண்டுவருவது. கட்டக்கூடிய தவணை கடன் கொடுத்தவருக்கும் நல்லதுதான். சீட்டு, மரண உதவிச் சங்கம் போன்றவை நசுங்கிவிடும் என்ற அச்சமும் நியாயமானதே. ஆகவே கட்டணத்துக்கோ இலாபத்துக்கோ கடனை மாற்றி எழுதுவதைத் தொழிலாகச் செய்பவருக்கு மட்டும் அனுமதிப்பத்திரம் போதும். உதவிக்குப் பேசிக்கொடுக்கும் சங்கத்துக்கு விலக்கு அளிக்கலாம்.

அதோடு கடன் இணக்க சபையின் கதவை ஈடில்லாச் சிறுகடனுக்கும் திறந்து, பதுளையில் தமிழில் விசாரணை நடத்த வேண்டும். தோட்ட மக்களுக்குக் காணியும் உறுதியும் என்ற கோரிக்கை மெல்ல மெல்லக் கைகூடி வருகிறது. உறுதி கிடைத்தால் அதை ஈடாகக் கேட்கவும் ஆள் வரும். இன்று நகையோடும் நாட்சம்பளத்தோடும் நிற்கும் இழப்பு, அப்போது காணியையும் கொண்டுபோகும். ஆதலால் கடனை மாற்றி எழுதுவதற்கான விதிகள், உறுதி கைக்கு வருமுன்பே நடைமுறையில் இருக்க வேண்டும்.