பாலத்துக்கு மட்டும் மிஞ்சிய பெயர்

சென்னையில் பேருந்து ஏறி 'ஜெமினி ஒண்ணு' என்று கேட்டால் நடத்துநர் தயங்காமல் சீட்டைக் கொடுத்துவிடுவார். 1973இல் திறந்த அந்த மேம்பாலத்துக்கு அரசு வைத்த பெயர் அண்ணா மேம்பாலம். ஐம்பது ஆண்டுகள் கடந்தும் மக்கள் வாயில் அது ஜெமினி பாலம்தான். எஸ்.எஸ்.வாசன் நடத்திய ஜெமினி ஸ்டுடியோ அங்கேதான் இருந்தது. 1948இல் 'சந்திரலேகா', 1953இல் 'ஔவையார்' எல்லாம் அவர் எடுத்தவை. அங்கே வேலை பார்த்த கணேசன் என்ற இளைஞர், ஸ்டுடியோ பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டு நட்சத்திரம் ஆனார். ஓர் ஆளுக்கும் ஒரு பாலத்துக்கும் பெயர் கொடுத்த அந்த ஸ்டுடியோ நின்ற மண்ணில் இன்று வணிக வளாகமும் நட்சத்திர ஓட்டலும் இருக்கின்றன.

பாலத்தின் அருகே ஒரு சிலை உண்டு. திமிறும் குதிரையை ஒருவன் பிடித்து அடக்குவான். தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயம் ஒழிக்கப்பட்டதன் நினைவாக வைத்தது. பந்தயம் நின்றதற்குச் சிலை எழுப்பிய ஊர், நாடே திரும்பிப் பார்த்த படங்கள் பிறந்த இடத்தை நினைவில் நிறுத்த என்ன செய்திருக்கிறது?

ஜெமினிக்குள் வேலை எப்படி நடந்தது என்று அறிய விரும்புகிறவர்களுக்கு இன்று கிடைப்பது கட்டடம் அல்ல, அசோகமித்திரனின் எழுத்து. அவர் அங்கே பல ஆண்டுகள் மாதச் சம்பளக்காரராக இருந்தவர். செய்தித்தாள்களைக் கத்தரித்துக் கோப்பில் சேர்ப்பது அவர் வேலைகளில் ஒன்று. கொத்தமங்கலம் சுப்பு போன்றவர்கள் உட்கார்ந்து யோசித்த கதை இலாகா, முகத்துக்கு அப்பிய பான்கேக் மேக்கப், முதலாளியின் கோபம், ஊழியர்களின் பேச்சு எல்லாவற்றையும் அவர் எழுதிவைத்தார். அவர் எழுதாமல் போயிருந்தால் இவற்றில் பாதி நமக்குத் தெரிந்திருக்காது. ஒரு பெருநகரத்தின் நினைவைக் காக்கும் பொறுப்பு ஒரு தனி மனிதரின் பேனாவை நம்பி இருந்தது சரியல்ல.

சினிமாவால் தமிழ்நாட்டுக்குக் கிடைத்தது பொழுதுபோக்கு மட்டும் அல்ல. அண்ணா, கருணாநிதி, எம்.ஜி.ஆர்., ஜானகி, ஜெயலலிதா என்று ஐந்து முதலமைச்சர்கள் கதை வசனத்திலிருந்தும் திரையிலிருந்தும் கோட்டைக்குப் போனவர்கள். அவர்கள் ஆட்சியாளர்களாக வாழ்ந்த இடங்களை அரசு கவனிக்கிறது. ஜெயலலிதாவின் போயஸ் தோட்ட இல்லத்தை நினைவில்லமாக்க 2020இல் அரசு கையகப்படுத்தியது. மறு ஆண்டே உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்த அக்கறையில் ஒரு பங்குகூட அவர்களை மக்களிடம் கொண்டுசேர்த்த படப்பிடிப்புத் தளங்களுக்குக் கிடைக்கவில்லை. அடையாற்றில் எம்.ஜி.ஆரின் சத்யா ஸ்டுடியோ இருந்த இடத்தில் பெண்கள் கல்லூரி நடக்கிறது. பெண்கள் படிப்பது நல்ல காரியம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அங்கே படிக்கும் பெண்ணுக்கு அந்த மண்ணின் பழைய கதை தெரிய வேண்டாமா?

வடபழனியில் நாகி ரெட்டியும் சக்ரபாணியும் வளர்த்த விஜயா வாகினி, ஒரு காலத்தில் ஆசியாவிலேயே பெரியது என்று பேர் வாங்கிய ஸ்டுடியோ. 'பாதாள பைரவி'யும் 'மாயா பஜார்' படமும் அவர்கள் எடுத்தவை. தமிழர்களைப் போலவே தெலுங்கர்களும் சொந்தம் கொண்டாடும் இடம் அது. இன்று அங்கே மருத்துவமனையும் மாலும்.

தியேட்டர்களின் கதையும் இதுதான். 1961இல் அண்ணா சாலையில் திறந்த சாந்தி, சிவாஜி குடும்பத்தின் கைக்கு வந்தபின் ரசிகர்களுக்குக் கோயில்போல ஆனது. 'பாவ மன்னிப்பு' வெளியானபோது அதன் மேலே ஏவி.எம். பறக்கவிட்ட ராட்சத பலூனைப் பற்றிப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். 2005இல் வந்த 'சந்திரமுகி' அங்கே எண்ணூறு நாள் தாண்டி ஓடியது. 2016இல் சாந்தி மூடப்பட்டது. ஒரே வளாகத்தில் மூன்று திரைகளோடு 1964இல் வந்த சஃபையர் 1990களிலேயே இடிக்கப்பட்டுவிட்டது. அந்த மூன்றில் ஒன்றான ப்ளூ டயமண்டில் படம் விடாமல் ஓடிக்கொண்டே இருக்கும். எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகலாம். அசோக் நகர் உதயம் 2024இல் போனது.

நட்டத்தில் தியேட்டர் நடத்து என்று உரிமையாளரைக் கட்டாயப்படுத்துவது அநியாயம். நிலத்தின் விலை ஏறும்போது விற்பது அவர் உரிமை. கேட்பது அதுவல்ல, விற்பதற்கும் இடிப்பதற்கும் இடையே ஊருக்கு ஒரு பேச்சு இருக்க வேண்டும் என்பதுதான்.

லண்டனில் பீட்டில்ஸ் பாடிய ஆபி ரோடு ஸ்டுடியோ விலைக்குப் போகப்போகிறது என்று 2010இல் செய்தி பரவியதும், பிரிட்டிஷ் அரசு அதைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பரில், அந்த நால்வரும் 1969இல் வரிசையாக நடந்துபோன பாதசாரிக் கோடுகளுக்கும் அதே தகுதி கிடைத்தது. தார்ச் சாலையில் பூசிய வெள்ளைக் கோடுகள்! உலகெங்கும் இருந்து வருகிறவர்கள் இன்றும் அங்கே நடந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

நம் ஊரிலும் முன்மாதிரி இல்லாமல் இல்லை. அண்ணா சாலை அஞ்சலக வளாகத்தில் தபால்தலைப் பிரிவு இயங்கும் சிறு கட்டடம், நூறு ஆண்டுகளுக்கு முன் எலக்ட்ரிக் தியேட்டர் என்ற பெயரில் ஊமைப்படம் காட்டிய கொட்டகை. வேறு வேலைக்குப் பயன்பட்டதால்தான் அது பிழைத்தது. ஏவி.எம். வளாகத்தில் 'பராசக்தி'க்காக சிவாஜி கேமரா முன் நின்று 'சக்சஸ்' என்று முதல் வார்த்தை பேசிய இடத்தில் நினைவுச் சின்னம் இருக்கிறது. அந்தப் புதுமுகம் வேண்டாம் என்ற பேச்சு எழுந்தபோது, தயாரிப்பாளர் பி.ஏ.பெருமாள் விடாப்பிடியாக நின்று காப்பாற்றிய வாய்ப்பு அது. பழைய கேமராக்களும் கார்களும் கொண்ட அருங்காட்சியகமும் அங்கே 2023இல் திறந்தது. இரண்டையும் செய்தது ஸ்டுடியோதான்.

தமிழ்நாடு மரபுச் சின்னங்கள் ஆணையத்துக்கான சட்டம் 2012இலேயே நிறைவேறியது. நடைமுறைக்கு வரப் பல ஆண்டுகள் பிடித்தன. அந்த ஆணையம் கோயில்களையும் ஆங்கிலேயர் காலக் கட்டடங்களையும் பார்ப்பதோடு, படப்பிடிப்புத் தளங்களையும் தியேட்டர்களையும் தன் பட்டியலில் சேர்க்க வேண்டும். மிச்சமிருக்கும் கட்டடங்களை இடிக்கும் முன் அளந்து, படம் எடுத்து வைப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். அந்தத் தளங்களில் லைட் பிடித்தவர்கள், செட் போட்ட தச்சர்கள், மேக்கப் போட்டவர்கள் ஆகியோரை இருக்கும்போதே உட்காரவைத்துப் பேசச் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். போன இடங்களுக்கு ஒரு பலகையாவது வேண்டும்: இங்கே என்ன இருந்தது, எந்தப் படம் பிறந்தது, யார் உழைத்தார்கள் என்று தமிழில் நான்கு வரி. பெரிய செலவு ஒன்றுமில்லை. முதல் பலகையை அரசு ஜெமினி பாலத்தின் கீழே நடட்டும்.