முப்பது மணி நேரமும் ஒரு துளி நீரும்

மருத்துவர் ஒருவர் தம் கல்லூரிப் படிப்பை வைத்துக்கொண்டு எத்தனை ஆண்டுகள் மருத்துவம் பார்க்கலாம்? இதைக் கேட்க நான் மருத்துவன் அல்லேன். விலங்கியல் முதுகலை மாணவன். ஆயினும் கேட்க வேண்டியவனாகிவிட்டேன். செங்கோட்டையை விட்டுச் சாலைக் கடைத்தெருவுக்குப் பிழைக்க வந்த குடும்பம் எங்களுடையது. என் அக்கா இந்நகரில் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறாள்.

2002-இல் இந்திய மருத்துவக் கவுன்சில் வகுத்த ஒழுக்க விதிகள், மருத்துவர்கள் ஐந்தாண்டுக்கு முப்பது மணி நேரமேனும் தொடர்கல்வி பெற வேண்டும் என்கின்றன. நண்பர்களே, கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளொன்றுக்கு ஒரு நிமிடம்! அந்த ஒரு நிமிடமும் எப்படிக் கழிகிறது? ஒரு கருத்தரங்கில் யார் பேசினார் என்பது மறந்து, பகலுணவுப் பாயசம் மட்டும் நினைவில் நின்றதாக மருத்துவ நண்பர் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காரணம், கேரளத்தில் பரவலாகப் பேசப்படும் அமீபா மூளைக்காய்ச்சல். 2016-இல் ஆலப்புழையில் முதன்முதல் தென்பட்ட இந்நோய், 2024-இல் நம் நெய்யாற்றின்கரைப் பக்கமும் வந்தது. வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் நெக்லேரியா என்னும் அமீபா மூக்கின் வழியே மூளைக்குச் செல்கிறது. உலகில் இது பற்றியவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் இறந்தனர். அவ்வாறிருந்தும் 2024 ஜூலையில் கோழிக்கோட்டில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் பிழைத்தான். நோயை விரைவில் ஐயுற்றதும், மருந்தை உடனே தொடங்கியதுமே அவனைக் காத்தன.

ஐயுறுவதற்கு அறிவு வேண்டுமன்றோ? அவ்வறிவும் ஓராண்டில் பழசாகிவிடுகிறது. "குளத்தில் குளித்தீரா?" என்று கேட்க 2024-இல் மருத்துவர்கள் கற்றுக்கொண்டார்கள். 2025-இல் குளத்தையே காணாத மூன்று மாதக் குழந்தைக்கு நோய் கண்டது. ஐயம் கிணற்று நீர்மேல் விழுந்தது. முந்திய ஆண்டின் கேள்வியை மட்டும் கற்றவர் அக்குழந்தையை எப்படி அடையாளம் காண்பார்?

மருத்துவர் ஐயுற்றால் மட்டும் போதுமா? முதுகுத்தண்டிலிருந்து எடுத்த நீரில் ஒரு துளியைக் கண்ணாடிச் சில்லில் இட்டு, சூடு ஆறுமுன் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். அமீபா நகரும், நகர்வதால்தான் அதை அறியலாம். நகராது கிடந்தால் இரத்த வெள்ளணு என்றே கண் ஏமாறும். குளிர்ப்பெட்டியில் வைத்தாலோ அது நகராது. இதையெல்லாம் செய்பவர் மருத்துவரல்லர். என் அக்காவைப் போன்றவர்கள்.

அவள் வேலை பார்க்கும் இடத்தில் இந்நோய் பற்றி ஒரு வகுப்பு நடந்தது. மருத்துவர்கள் அழைக்கப்பட்டார்கள், செவிலியர் இருவர் போனார்கள், ஆய்வுக்கூடத்தாரை யாரும் நினைக்கவில்லை. சில வாரங்கள் கழித்து, உடன் வேலை பார்ப்பவளின் கைப்பேசியில்தான் அக்கா செய்தியைப் படித்தாள். அன்றிரவு சோற்றில் கை வைத்தபடியே இருந்தாள். "அதுக்கு முன்னால ஒரு குழாய் வந்துச்சுடா தம்பி. வேலை நெருக்கடியில ஃபிரிட்ஜில வெச்சுட்டு மறுநாள்தான் பார்த்தேன்" என்றாள். அந்த நோயாளி யார், என்ன நோய், என்ன ஆனார் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியுமில்லை.

குற்றம் அவளுடையதா? இல்லை என்றே சொல்வேன். தம்பி என்பதால் அல்ல. தொடர்கல்வியைப் பதிவைப் புதுப்பிக்கும் சடங்காக்கி, அதையும் மருத்துவரோடு நிறுத்திக்கொண்ட முறையின் குற்றம் அது. புது நோய் ஒன்று தலைகாட்டிய வாரமே, அந்தந்த மருத்துவமனையிலேயே, மாதிரியைச் சுமந்து செல்லும் கடைநிலை ஊழியர்வரை அரைமணி நேரம் ஒன்றாக உட்கார்ந்து கற்கலாகாதா? இதற்கு மண்டபம் வேண்டா, பாயசமும் வேண்டா. ஆட்குறைவு என்பார்கள். ஆட்குறைவான இடத்தில்தான் அவசரமும் தவறும் மிகுதி.

சென்ற வாரம் அக்கா, "தண்டுவட நீரை இதற்குள் வைக்காதீர்" என்று மலையாளத்தில் ஒரு தாளில் எழுதிக் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறாள். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி ஏன் என்று கேட்டாளாம். நின்றபடியே பத்து நிமிடம் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.